தோலுக்குச் சாயமும் எண்ணெயும்: வெறும் தோலில் தொடங்கி கடைசி மெருகு வரை

நான் முதன்முதலில் சாயம் ஏற்றிய பொருள் ஒரு கறுப்பு பெல்ட். வெட்டியது, ஓட்டை போட்டது, தைத்தது எல்லாம் சேர்த்து இரண்டு நாள் வேலை. சாயத்தை மட்டும் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டேன். மறுநாள் வெளிர்நிறச் சட்டையோடு அதைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். வியர்த்தது. மாலையில் வீடு திரும்பிப் பார்த்தால் சட்டையின் இடுப்பைச் சுற்றி நேர்க்கோடாக ஒரு கறுப்புப் பட்டை. பெல்ட்டில் இருந்ததைவிட அது கொஞ்சம் நேர்த்தியாகவே விழுந்திருந்தது. அந்தச் சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது; சாயம் பூசும்போது போட்டுக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு இன்னும் பல துண்டுகளைக் கெடுத்திருக்கிறேன். கெட்டவற்றை எல்லாம் எடுத்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எதையோ அதிகமாகப் போட்டிருப்பேன். சாயம் அதிகம், இல்லையென்றால் எண்ணெய் அதிகம், இல்லையென்றால் மேல்மெருகு அதிகம். கூடவே, காயவிடாமல் அடுத்த வேலைக்குப் போயிருப்பேன். கீழே வரும் படிகளில் ஏதாவது சந்தேகம் வந்தால், பூசும் அளவைப் பாதியாக்கி, காயவிடும் நேரத்தை இரண்டு மடங்காக்குங்கள். பெரும்பாலும் தப்பாகாது.

கையில் இருப்பது என்ன தோல்?

சாயப் புட்டியைத் திறக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கைவேலையில் நாம் சந்திப்பது முக்கியமாக இரண்டு வகை. மரப்பட்டை, காய், இலை ஆகியவற்றின் துவர்ப்பைக் கொண்டு பதனிட்ட தோல் ஒன்று. இதைப் பேச்சில் வெஜ்-டேன் என்போம். குரோமியம் உப்பால் பதனிட்டது இன்னொன்று, குரோம்-டேன். முதல் வகை வெளிர் பழுப்பாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஈரமாக்கி அழுத்தினால் தடம் பதியும். இரண்டாவது மெத்தென்று தொங்கும், பெரும்பாலும் ஆலையிலேயே நிறம் ஏற்றிப் பூச்சும் கொடுத்து வரும். வெட்டிய விளிம்பைப் பாருங்கள். நடுவே நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் நகத்தளவு துண்டு ஒன்றைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிஷம் போடுங்கள். வெஜ்-டேன் சட்டென்று சுருங்கி, சுருண்டு, விறைத்துப்போகும். குரோம் கிட்டத்தட்ட போட்டபடியே வெளியே வரும். இந்தச் சோதனையை ஒரு தடவையாவது செய்து பாருங்கள் என்று சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஈரமான வெஜ்-டேன் தோலைச் சூடு என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவர், பிறகு சாயம் சீக்கிரம் காயட்டும் என்று ஹேர் டிரையரை நெருக்கிப் பிடிக்க மாட்டார்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. மேல்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில விநாடிகளில் தோல் அதைக் குடித்து அந்த இடம் கருத்தால், சாயமும் உள்ளே போகும். சொட்டு முத்துப்போல உருண்டு நின்றால் மேலே ஏற்கெனவே பூச்சு இருக்கிறது. அதன்மேல் சாயம் ஏறாது, ஏறினாலும் நிற்காது. இந்த வழிகாட்டி முழுக்க, பூச்சு இல்லாத வெஜ்-டேன் தோலை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

சாயமா, பெயின்ட்டா?

இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சாயம் நாருக்குள் இறங்கி நிறம் கொடுக்கும். தோலின் சுருக்கமும் துளையும் அப்படியே தெரியும். பெயின்ட் மேலே படலமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். கருந்தோலை வெள்ளையாக்க வேண்டும் என்றால் பெயின்ட்தான் வழி. சாயத்தால் தோலை இருட்டாக்க மட்டுமே முடியும், வெளுக்க முடியாது.

சாயத்தில் மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது. ஸ்பிரிட் சாயம் ஆல்கஹாலில் கரைத்தது. வேகமாக உள்ளே போகும், வேகமாகக் காயும். அந்த வேகத்தால்தான் கோடுகோடாகத் திட்டு விழுகிறது. தோலில் இருக்கும் எண்ணெய்ப்பசையையும் அது கூடவே இழுத்துக்கொண்டு போவதால் தோல் வறண்டுவிடும். எண்ணெய்ச் சாயம் என்று விற்பது பெயர் சொல்வதுபோல முழு எண்ணெய் இல்லை. கரைப்பானோடு கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தது, அவ்வளவுதான். மெதுவாகப் பரவும், நிறம் சீராக விழும், தோலும் அவ்வளவாக விறைக்காது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். மூன்றாவது தண்ணீர்ச் சாயம். நெடி இல்லை, தீப்பற்றாது, மூடிய அறையில் வேலை செய்கிறவர்களுக்கு வசதி. ஆனால் ஆழமாக இறங்காது, காய நேரம் பிடிக்கும், காய்ந்ததும் தோலைப் பிசைந்து தளர்த்த வேண்டியிருக்கும்.

எடுத்து வைக்க வேண்டியவை

பழைய பனியன் துணி நிறைய வேண்டும். துவைத்துத் துவைத்து நூல் உதிர்வது நின்றுபோன பனியனுக்கு ஈடான பூசுதுணி எதுவும் இல்லை. சாயத்துக்கு ஸ்பாஞ்சுத் துண்டு அல்லது முனையில் கம்பளி உருண்டை வைத்த குச்சி, ரப்பர் கையுறை, அகலமான கண்ணாடிக் கிண்ணம், கீழே விரிக்கத் தாள். அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், ஈரத்தோலில் அதன் மை ஒட்டும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு புட்டி. எண்ணெய், தேன்மெழுகு, மேல்மெருகு ஆகியவற்றை அந்தந்தப் படியில் சொல்கிறேன்.

ஸ்பிரிட் சாயமும் ஆல்கஹாலும் எளிதில் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு, மெழுகுவர்த்தி எதுவும் எரியக் கூடாது. ஆளி விதை எண்ணெய் தொட்ட துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து உலரும்போது சூடு கிளம்பும். கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

எந்த வேலைக்குப் பிறகு சாயம்?

வெட்டுவது, முத்திரை அழுத்துவது, ஈரத்தில் உருவம் பிடிப்பது ஆகிய எல்லாம் முடிந்து, தோல் நன்றாகக் காய்ந்த பிறகு சாயம். தையல் அதற்கும் பின்னால். தைத்த பிறகு சாயம் பூசினால் வெள்ளை நூல் வெள்ளையாக இருக்காது. பசைக்கும் இதில் பங்கு இருக்கிறது. மெழுகோ மேல்மெருகோ பட்ட இடத்தில் பசை பிடிக்காது. ஒட்டப்போகும் ஓரத்தைப் பூசாமல் விடுங்கள், அல்லது ஒட்டும் முன் உப்புத்தாளால் சுரண்டிவிடுங்கள். தைத்து முடித்த பிறகு மெருகு கொடுப்பதுதான் எனக்குச் சுலபமாகப் படுகிறது.

துடைத்துச் சுத்தம் செய்வது

தோலை எடுத்த நிமிஷத்திலிருந்து விரல்ரேகை, வியர்வை, சிந்திய பசை எல்லாம் அதில் ஏறிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. சாயம் பூசியதும் ஒவ்வொன்றும் வெளிறிய திட்டாக எழுந்து நிற்கும். பசைதான் மோசம். உலர்ந்த பசையின் மேல் சாயம் ஏறவே ஏறாது. அதை ரப்பரால் தேய்த்து உருட்டி எடுத்துவிடுங்கள்.

பிறகு துணியில் கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்து மேல்புறம் முழுவதும் லேசாகத் துடைக்க வேண்டும். அழுக்கான இடத்தை மட்டும் துடைத்தால் அந்த இடம் மட்டும் கூடுதலாகச் சாயம் குடிக்கும். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே மாதிரி துடையுங்கள்.

நீலக்கறுப்பாக ஏதாவது கறை இருந்தால் அது இரும்புக்கறை. ஒரு தடவை ஈரத்தோலின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் ஸ்கேலின் ஓரம் கோடு போட்டதுபோல் பதிந்திருந்தது. அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி ஆக்சாலிக் அமிலம் கரைத்து, பஞ்சால் ஒற்றினால் கறை கண்ணெதிரே மங்கும். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து நிழலில் காயவிட வேண்டும். ஆக்சாலிக் அமிலம் விஷம்; கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சமையல் பாத்திரத்தில் கரைக்காதீர்கள். அன்றைக்குத் திட்டிக்கொண்டே அழித்த அந்தக் கறையைப் பின்னால் வேண்டுமென்றே வரவழைக்கக் கற்றுக்கொண்டேன். அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

முதல் எண்ணெய்

சாயத்துக்கு முன் எண்ணெயா, பின் எண்ணெயா என்று தோல்வேலை செய்கிறவர்களிடையே சண்டையே நடக்கும். நான் சாயத்துக்கு முன்னும் பின்னும் பூசுகிற கட்சி, ஆனால் இரண்டு தடவையும் கொஞ்சம்தான்.

ஒரே மாட்டின் தோலிலேயே முதுகுப் பகுதி இறுக்கமாகவும் வயிற்றுப் பகுதி தளர்வாகவும் இருக்கும். தளர்ந்த பகுதி சாயத்தைப் பேராசையோடு குடிக்கும். முன்னதாகச் சிறிது எண்ணெய் உள்ளே இருந்தால் இந்தத் தாகம் அடங்கி, சாயம் சீராகப் பரவும்.

நீட்ஸ்ஃபுட் எண்ணெய்தான் இதற்குப் பழைய கை. மாட்டின் கால் எலும்பிலிருந்தும் குளம்புப் பகுதியிலிருந்தும் எடுப்பது. குளிரிலும் சுலபத்தில் உறையாது. வாங்கும்போது கலப்பில்லாத நீட்ஸ்ஃபுட்டா, கனிம எண்ணெய் கலந்ததா என்று பாருங்கள், முதலாவதுதான் வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஆலிவ் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் கையிலேயே இருக்கிறதே என்று தோன்றும். சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். குளிர்ந்த இடத்தில் தோலின் மேல் வெள்ளை பூத்தாற்போல் நிற்கும். ஆளி விதை எண்ணெயை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம், காலப்போக்கில் தோலுக்குள் இறுகிவிடும்.

பூசும் விதம் இது. பனியன் துணியை விரலில் சுற்றி, எண்ணெயில் தொட்டு, முதலில் ஒரு வெற்றுத் துணியில் ஒற்றிக்கொள்ளுங்கள். மீதி இருப்பதுதான் தோலுக்கு. வேகமாக, வட்டம் வட்டமாக, ஒரே மூச்சில் முழுப் பரப்பும். ஒரு பெல்ட்டுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் செலவானால் கை மீறிப் போகிறது என்று அர்த்தம். பூசிய உடன் தோல் புலியின் வரிபோலத் திட்டுத்திட்டாக இருக்கும். இங்கேதான் எல்லாரும் பதறி இன்னொரு கை பூசுகிறார்கள். விட்டுவிடுங்கள். எண்ணெய் நாருக்கு நார் தானாக நகர்ந்து பரவும். இரவு அப்படியே கிடக்கட்டும், காலையில் பாருங்கள், திட்டு இருக்காது. தொட்டால் வழுவழுப்பே தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னொரு நாள் காத்திருங்கள், பிசுபிசுக்கும் தோலில் சாயம் இறங்காது.

சாயம் பூசுதல்

முதலில் துண்டுத்தோலில் சோதனை. அதே தோலிலிருந்து வெட்டி மிஞ்சிய துண்டாக இருக்க வேண்டும், அதையும் அதே போலத் துடைத்து, எண்ணெய் கொடுத்திருக்க வேண்டும். புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் நிறத்தாளை நம்பாதீர்கள். ஈரமாக இருக்கும்போது நிறம் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்தால் வெளிறும், பின் எண்ணெய் பட்டதும் மறுபடி அடர்ந்துவிடும். மூன்று கட்டமும் முடிந்த பிறகு கிடைப்பதுதான் நிஜ நிறம். துண்டின் பின்னால் சாயத்தின் பெயர், எத்தனை கை, எவ்வளவு கரைத்தது என்று பேனாவால் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே நிறத்தில் இன்னொன்று கேட்டால் அந்தத் துண்டுதான் காப்பாற்றும்.

சாயத்தைக் கரைத்தே பயன்படுத்துங்கள். ஸ்பிரிட் சாயம் என்றால் அதற்கான கரைப்பானோ ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலோ சம அளவு சேர்க்கலாம். அடர்சாயம் ஒரு கை பூசுவதைவிட நீர்த்த சாயம் மூன்று கை பூசுவது எல்லா வகையிலும் மேல். திட்டு விழாது, ஆழமாக இறங்கும், மேலே தூளாக மிஞ்சாது. ஒரு பொருளுக்குத் தேவையான மொத்தச் சாயத்தையும் முன்கூட்டியே ஒரே கிண்ணத்தில் கலந்துவிடுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வராது.

ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து, சொட்டாத பதத்தில் எடுங்கள். முதல் தொடுகையைப் பொருளின் நடுவில் வைக்காதீர்கள். அங்கேதான் அதிகச் சாயம் இறங்கி வட்டமாக நிற்கும். பின்னால் விளிம்புச் சாயத்தில் மறையப்போகும் ஓரத்தில் தொடங்குங்கள். சின்னச் சின்ன வட்டங்களாக, ஒன்றன் பாதியை அடுத்தது மூடும்படி, ஈரம் காய்வதற்குள் நகர்ந்துகொண்டே போக வேண்டும். காய்ந்த ஓரத்தின் மேல் புதுச்சாயம் ஏறினால் அங்கே கோடு. தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும்.

பெல்ட் போன்ற நீளமான பொருளுக்கு வேறு விதம். முழு நீளத்துக்கும் ஒரே இழுப்பு, திரும்பி அடுத்த இழுப்பு. முதல் கை இப்படி நெடுக்காக, அரைமணி நேரம் கழித்து இரண்டாவது கை வட்டமாக, மூன்றாவது கை குறுக்காக. முதல் கை பார்க்கச் சகிக்காது. மனம் தளர வேண்டாம், மூன்றாவதில் சரியாகிவிடும். இரண்டு பொருளுக்கு மேல் செய்வதாக இருந்தால் அகலமான தட்டில் சாயம் ஊற்றித் தோலை முழுக்காட்டி எடுப்பதும் உண்டு. சீராக விழும், ஆனால் சாயம் ஏகமாகச் செலவாகும், தோலும் விறைக்கும்.

கறுப்புக்கு ஒரு தந்திரம் சொல்கிறேன். வெஜ்-டேன் தோலின் மஞ்சள் பழுப்பின் மேல் நேராகக் கறுப்பு பூசினால் வெளிச்சத்தில் பச்சையோ பழுப்போ அடிக்கும். அதை மறைக்க மேலும் மேலும் பூசத் தோன்றும், அங்கேதான் சட்டை கெடுகிறது. முதலில் கருநீலம் ஒரு கை பூசிக் காயவிட்டு, அதன்மேல் நீர்த்த கறுப்பை இரண்டு கை பூசுங்கள். குறைந்த சாயத்தில் ஆழமான கறுப்பு வரும். மஞ்சள், சிவப்பு போன்ற வெளிச்ச நிறங்களுக்கு எதிர்ப்பக்கத் தொல்லை: தோலின் ஒவ்வொரு வடுவும் கொசுக்கடியும் தெரியும். குறையில்லாத துண்டை அவற்றுக்கு ஒதுக்குங்கள்.

எல்லாக் கையும் முடிந்த பிறகு 24 மணி நேரம் காயட்டும். நிழலில், காற்றோட்டமாக, தட்டையாக.

வெள்ளைத் துணிச் சோதனை

என் பெல்ட் கதையில் விட்டுப்போன படி இதுதான். நார் குடித்தது போக மீந்த சாயம் மேலே நுண்தூளாகக் காய்ந்து உட்கார்ந்திருக்கும். வியர்வையோ மழையோ பட்டால் அது கரைந்து துணிக்கு மாறும். மேல்மெருகு போட்டு அடைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மெருகு தேயும், அன்றைக்கு வெளியே வரும்.

உலர்ந்த பனியன் துணியால் அழுத்தித் தேயுங்கள். துணி முதலில் கருக்கும். மடித்து வேறு பக்கம், அப்புறம் வேறு துணி. கறுப்பு பெல்ட்டுக்கு எனக்குப் பொதுவாக நான்கைந்து துணி ஆகிறது, கையும் வலிக்கும். தேய்க்கத் தேய்க்க மங்கலான பரப்பிலிருந்து மெல்லிய பளபளப்பு எழும். கூடவே துணியில் விழும் கறை சாம்பலாகி, பிறகு நிழல்போல ஆகும். கடைசியாக வெள்ளைத் துணியைச் சற்றே ஈரமாக்கி ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். லேசான சாயல் மட்டும் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். தெளிவாக நிறம் வந்தால் மறுபடி காயவிட்டுத் தேய்க்க வேண்டியதுதான்.

இரண்டாவது எண்ணெய்

சாயத்தின் ஆல்கஹால் இழுத்துக்கொண்டு போனதைத் திருப்பிக் கொடுக்கிறோம். முதல் தடவை போலவே, அதைவிடக் குறைவாக. பொருளை வளைத்துப் பார்த்து, விறைப்பு குறைந்திருந்தால் நிறுத்திவிடுங்கள். எண்ணெய் கூடிப்போன தோல் சவசவவென்று தொங்கும், இழுத்தால் நீளும், பின்னால் மெழுகும் பிடிக்காது. உள்ளே போன எண்ணெயை வெளியே எடுக்க நல்ல வழி எதுவும் இல்லை. உலர்ந்த சோளமாவைத் தூவி ஒரு நாள் வைத்தால் மேலாக இருப்பது கொஞ்சம் ஏறி வரும், அவ்வளவுதான். மறுபடி ஒரு இரவு காத்திருப்பு.

மேல்மெருகு: மெழுகா, அக்ரிலிக்கா?

கையில் பிடிக்கிற பொருள்களுக்கு, அதாவது பர்ஸ், அட்டை உறை, நோட்டு அட்டை போன்றவற்றுக்கு, மெழுகுதான் என் தேர்வு. ஒரு பங்கு தேன்மெழுகுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு நீட்ஸ்ஃபுட் எண்ணெய், எடைக்கணக்கில். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். அதனால் நேரடி நெருப்பு வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். ஆறியதும் இளகிய வெண்ணெய் பதத்தில் இறுகும். விரலால் எடுத்துத் தேய்த்தால் உடல் சூட்டிலேயே இளகி இறங்கும். அரைமணி நேரம் விட்டு, குதிரைமயிர் பிரஷால் பளபளக்கத் தேயுங்கள். இன்னும் பளபளப்பு வேண்டும் என்றால் கார்னௌபா மெழுகு சிறிது சேர்க்கலாம். அது 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், கடினமானது, கொஞ்சம் போதும்.

பெல்ட், பைப் பட்டை, செருப்பு வார் என்று உடம்பிலும் துணியிலும் உரசும் பொருள்களுக்கு மெழுகு மட்டும் தாங்காது. அவற்றுக்கு அக்ரிலிக் மெருகு நல்லது. அதையும் சம அளவு தண்ணீர் சேர்த்து நீர்த்து, ஈர ஸ்பாஞ்சால் மெல்லிய இரண்டு கை. பூசும்போது நுரை வந்தால் அதிகம் எடுத்துவிட்டீர்கள். பாதி காய்ந்ததைத் திரும்பத் தேய்க்காதீர்கள், பால்போல வெள்ளைக்கோடு விழும். தடிமனாகப் பூசினால் அன்றைக்கு நகப்பூச்சுபோல மினுக்கும். வளைக்க வளைக்க ஒரு மாதத்தில் வெடிக்கும். சாயத்தில் இன்னும் உதிரி மிச்சம் இருந்தால் முதல் கையைத் தேய்க்காமல் ஒற்றியோ தெளித்தோ கொடுங்கள், தேய்த்தால் முத்திரை வேலையின் இடுக்குகளில் நிறம் கரைந்து இழுபடும்.

விளிம்பு

பொருள் கைவேலையா, அவசர வேலையா என்று தெரிந்தவர் முதலில் பார்ப்பது விளிம்பைத்தான். இரண்டு பக்க முனையையும் பெவலரால், அதாவது விளிம்பு சீவும் சிறு கருவியால், சீவி உருட்டுங்கள். 220, அடுத்து 400, அடுத்து 600 எண் உப்புத்தாளால் தேயுங்கள். விளிம்பு தோலின் வெட்டுவாய் என்பதால் மேல்புறத்தைவிட அதிகமாகக் குடிக்கும். சாயத்தைக் குச்சியில் தொட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் ஓட்டினால் மேல்புறத்துக்கு வழியாது. பிறகு ட்ரகாகாந்த் பிசினோ வெறும் தண்ணீரோ தொட்டு, பள்ளம் வெட்டிய மரக்கட்டையால் வேகமாகத் தேயுங்கள். முதலில் சொரசொரக்கும், பிறகு கட்டை வழுக்கத் தொடங்கும், சத்தமே மாறிவிடும். அந்தச் சத்தம் மாறும் இடத்தில் நார்கள் படிந்து ஒன்றாகிவிட்டன என்று பொருள். மேலே தேன்மெழுகுக் கட்டியை ஒரு இழுப்பு இழுத்து, துணியால் தேய்த்தால் முடிந்தது. குரோம் தோலில் இந்த வித்தை பலிக்காது, அதற்கு விளிம்பு பெயின்ட்தான்.

சாயமே இல்லாத கறுப்பு

இரும்பு ஸ்கேல் போட்ட கோட்டுக்கு இப்போது வருகிறேன். வெஜ்-டேன் தோலில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் நீலக்கறுப்பு பிறக்கும். பழைய காலத்தில் துவர்ப்புக் காயையும் இரும்பு உப்பையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியதும் இதே வினையால்தான். இங்கே நிறம் வெளியிலிருந்து வந்து ஒட்டுவதில்லை. நாரிலேயே உண்டாகிறது. அதனால் சட்டைக்கு மாறும் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. கறுப்புப் பொருள் செய்வதாக இருந்தால் இப்போதெல்லாம் நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

மிக நுண்ணிய ஸ்டீல் வுல், அதாவது இரும்பு நார், ஒரு உருண்டை எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பால் அதன் எண்ணெய்ப்பசையைக் கழுவிவிட்டுக் காயவிடுங்கள். பிய்த்து ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு அரை லிட்டர் வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். வினையில் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அடைத்த புட்டி வெடிக்கலாம். ஒன்றிரண்டு வாரத்தில் இரும்பு கரைந்து வினிகரின் நெடியும் குறைந்திருக்கும். காபி வடிதாளில் வடிகட்டுங்கள். கிடைப்பது சாம்பலும் துருவும் கலந்த ஏதோ ஒரு தண்ணீர், இதுவா கறுப்பாக்கும் என்று இருக்கும்.

பூசிப் பாருங்கள். முதல் சில விநாடிகள் ஒன்றுமே ஆகாது. பிறகு ஈரத்தின் ஓரத்தில் சாம்பல் படரும், ஊதா கலந்த சாம்பல், அப்புறம் கருமை. நீங்கள் தொடாமலேயே நிறம் வளர்ந்துகொண்டிருக்கும். அரைமணி நேரம் விட்டு இன்னொரு கை. தோல் போதுமான கறுப்பாகவில்லை என்றால் அதில் துவர்ப்பு போதவில்லை. கடுந்தேநீர் காய்ச்சி ஆறவைத்து அதைப் பூசி, காய்ந்த பிறகு மறுபடி இரும்புத் தண்ணீர் பூசுங்கள்.

அமிலத்தை அப்படியே விட்டால் தோல் நாளடைவில் கெடும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துத் துடைத்தால் லேசாக நுரைக்கும். நுரை அடங்கியதும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். சோடாத் தண்ணீரில் சில நிமிஷத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள். தோலுக்குக் காரமும் ஆகாது. காய்ந்து வரும்போது தோல் சாம்பல் பூத்து, விறைத்து, கெட்டுப்போனதுபோலவே இருக்கும். சற்று ஈரம் மிச்சமிருக்கும்போதே எண்ணெய் பூசுங்கள். துணி போன தடத்தில் சாம்பல் சட்டென்று கருங்கறுப்பாக மாறும். பித்தளை பட்டன், வளையம் எல்லாம் இதற்குப் பிறகுதான் பொருத்த வேண்டும்.

கெட்டுப்போனால்

சாயம் திட்டாக விழுந்தால் காய்ந்த பிறகு ஆல்கஹால் நனைத்த துணியால் முழுப் பரப்பையும் துடையுங்கள். மேலே நிற்கும் நிறம் இளகி ஓரளவு பரவும். அதுவும் போதாவிட்டால் ஒரு படி அடர்ந்த நிறத்துக்குப் போய்விடுங்கள். வெளிர் பழுப்பாக நினைத்தது கடைசியில் காபி நிறமாக முடிந்த பொருள்கள் என்னிடம் ஏராளம், யாருக்கும் தெரியாது.

சாயமிடாத தோலில் தண்ணீர்ச் சொட்டுக் கறை விழுந்தால், முழுத்துண்டையும் ஈர ஸ்பாஞ்சால் சீராக நனைத்துக் காயவிடுங்கள், வட்டத்தின் ஓரம் கரைந்துபோகும். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் அது கொழுப்பா, பூஞ்சையா என்று பார்க்க வேண்டும். லேசாகச் சூடு காட்டினால் உருகி மறைவது கொழுப்பு, துணியால் துடைத்துவிடலாம். மறையாமல் பஞ்சுபோல இருந்து முடைநாற்றமும் அடித்தால் பூஞ்சை. வெளியே கொண்டுபோய்த் துடைத்து, ஆல்கஹால் ஒற்றி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்ததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

முடித்துக் கொடுத்த பொருளுக்கு எப்போது மறுபடி எண்ணெய் போடுவது என்று கேட்பார்கள். நாள்காட்டி பார்த்துப் போட வேண்டியதில்லை. மடிப்பு விழும் இடத்தை வளைத்துப் பாருங்கள். நிமிர்த்தியதும் மடிப்பு மறைந்தால் ஒன்றும் வேண்டாம். நூலிழைபோல வெளிறிய கோடு நின்றால் ஒற்றியெடுத்த துணியால் ஒரே ஒரு கை பூசி, அன்று இரவு பொருளை உபயோகிக்காமல் வையுங்கள்.